நாக்கை நீட்டாதவர்கள்

மங்களேஸ்வரி: சாரல் அடிக்குது, வண்டிக்குள்ள நல்லாத் தள்ளி உக்காரு. பிள்ளையக் குடு, நான் வச்சிக்கிடுதேன்... ஏட்டி உலகம்மா, இப்பமாவது சொல்லு. குத்தாலத்து பங்களாவுல ஒனக்கு என்ன வந்துச்சி?

உலகம்மாள்: என்ன வந்துச்சி... வெக்கம்தான் டாக்டரம்மா.

மங்களேஸ்வரி: ஒனக்கா? அச்சன்புதூர் வயல்ல நீ போடுத சத்தம் தென்காசி ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கும்.

உலகம்மாள்: அது நாத்து நடுத எடம். அங்கன மெட்ராஸ் பெரிய டாக்டரு, டாக்டருமாரு பத்திரிகை நடத்துத வெள்ளக்கார துரை...

மங்களேஸ்வரி: பெரிய டாக்டரு நாக்க நீட்டுன்னுதான சொன்னாரு.

உலகம்மாள்: ஆம்பளைக்கு முன்னால நாக்க நீட்டவா... நல்லாருக்கே.

மங்களேஸ்வரி: நீ மட்டும்னா சரி. கூட வந்த அத்தன பேருமாட்டி வாயப் பொத்திக்கிட்டு நிப்பிய? மாசமா இருக்கயில சோகை புடிச்சிச் சாகக் கெடந்தவளுவ எப்படித் தேறிட்டாளுவன்னு நாக்கு நெறத்த வச்சித் துரைக்குக் காட்டத்தான அவரு...

உலகம்மாள்: அவரு காட்டுவாரு. எங்களப் பாத்தது அவரா? வரப்பு வரப்பா வந்து, கண்ணு ரப்பைய இழுத்துப் பாத்து, மருந்து குடுத்தது நீங்கல்லா.

மங்களேஸ்வரி: அது என் வேலதானட்டி.

உலகம்மாள்: துரையும் அதத்தான கேட்டாவ, இவளுவள யாரு பாத்தான்னு?

மங்களேஸ்வரி: கேட்டாரு. பெரிய டாக்டருக்கு ஒங்க பேரு ஒண்ணுகூடத் தெரியல. நான் முன்னால வரவேண்டியதாப் போச்சி.

உலகம்மாள்: நீங்க கேட்டதும் நீட்டுனோமா, இல்லியா?

மங்களேஸ்வரி: நீட்டுனிய. அத்தன பேரும் நீட்டுனிய. துரை அப்பமே சொல்லிட்டாரு, பத்திரிகையில அந்த ஆராய்ச்சி எம்பேருலதான் வரணும்னு.

உலகம்மாள்: பொறவென்ன, சந்தோசப்படாம...

மங்களேஸ்வரி: சந்தோசம்தாம்ட்டி. ஆனா பெரிய டாக்டரு ஆராய்ச்சியிலருந்து எம்பேர எடுத்துட்டாருன்னு ஒங்ககிட்ட நான் மூச்சு விடலியே.

உலகம்மாள்: அதான் எங்களுக்குக் கோவம். எங்ககிட்ட மறைக்கலாமா?

மங்களேஸ்வரி: அப்பம் ஒனக்குத் தெரியும்... நர்சு சுல்தான் பீவி சொன்னாளா?

உலகம்மாள்: பாவம், அவிய மேல பழி போடாதிய.

மங்களேஸ்வரி: பொறவு யாரு?

உலகம்மாள்: சத்தியம் வாங்கிட்டாவ...

மங்களேஸ்வரி: உலகம்மா, 'ஒரு லேடி டாக்டர் உதவினார்'னு அடியில ஒரு வரி போடுதேன்னாரு. நேத்து அதுக்கும் சரின்னு தலையாட்டிட்டு வந்தவ நான். இன்னைக்கி எனக்காக யாரோ யோசிச்சிருக்காவ. யாருன்னு தெரிஞ்சாத்தான கையெடுத்துக் கும்பிட முடியும்.

உலகம்மாள்: கும்பிடுததுன்னா நாங்கதான் ஒங்களக் கும்பிடணும். நீங்க இல்லன்னா நான் ஏது, ஒங்க மடியில கெடக்குத இது ஏது?

மங்களேஸ்வரி: பேச்ச மாத்தாத. சொல்லுட்டி.

உலகம்மாள்: பெரிய டாக்டரு வீட்டம்மா. பின்கட்டுல காப்பி குடுக்கையில மெதுவாச் சொன்னாவ... "ஒங்க டாக்டரம்மா பேர எடுத்துட்டாரு. அவரு கேட்டா யாரும் வாயத் தெறக்காதிய. நானும் டாக்டருக்குப் படிச்சவதான். அவரு பேருல வந்த மொத ஆராய்ச்சி நான் செஞ்சது."