தொட்டிக்குள் இறங்குபவன் பாட வேண்டும்

எனக்கு வருடத்துக்கு ஒரு முறைதான் சளி பிடிக்கும், அதுவும் நான்கு நாளில் போய்விடும். போன நவம்பரில் பிடித்தது பதினைந்து நாள் இருந்தது. போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நிதானமாகவே சொல்கிறேன் ஐயா, நீங்களும் அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் நெரேயோ ஸம்பினி. வயது அறுபத்திரண்டு. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாரானோ பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டு ஒயினுக்கு நாற்பது வருடமாக நான்தான் மூக்கு.

நீங்கள் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மூக்கு என்பது ஒரு பதவி. மற்றவர்கள் வெட்டுவார்கள், சுமப்பார்கள், மிதிப்பார்கள். முடிவு சொல்வது மூக்கு மட்டும்தான். நிலவறைச் சாவி அவரிடம் இருக்கும். மேசையில் முதல் நாற்காலி அவருக்கு. ஊரில் யாரும் என்னை நெரேயோ என்று கூப்பிட்டதில்லை. ‘மூக்கு வர்றாரு’ என்பார்கள், எழுந்து நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஒயின் அவசரக்காரர்களுக்கு ஆனதல்ல. செப்டம்பர் கடைசியில் பழம் வெட்டுவோம். நெருக்கமில்லாத, காற்று புகும் கொத்துகளாகப் பார்த்து எடுத்து, பரணில் நாணல் தட்டிகளின் மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்புவோம். ஜனவரி நடுவில், வனத்து அந்தோணியார் திருநாள் வரை அவை அங்கேயே கிடந்து வற்றும். பனிமூட்டம் ஏறினால் ஜன்னலைச் சாத்த வேண்டும், மலைக்காற்று வந்தால் திறக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் மூக்கு தட்டிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வர வேண்டும். பூசணம் கண்ணில் படுவதற்கு இரண்டு நாள் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்தக் கொத்தை அப்போதே எடுத்து எறிந்துவிட்டால் தட்டி பிழைக்கும். விட்டுவிட்டால் மொத்தத் தொட்டியிலும் ஈரக் கோணிச் சாக்கு வாடை ஏறிவிடும், அதை எந்தச் சாமியாலும் இறக்க முடியாது.

சளி விட்ட பிறகும் நான் வழக்கம்போலப் பரணில் நடந்தேன். ஒன்றும் வரவில்லை. நாளை வந்துவிடும் என்று நினைத்தேன். பூண்டை நசுக்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெங்காயத்தைச் சுட்டுப் பார்த்தேன். தொழுவத்துக்குப் போய்ச் சாணத்தருகே குனிந்து நின்றேன். கழுதை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு நாள் அலமாரியைத் திறந்து என் மனைவியின் கம்பளித் துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டேன். ஒன்பது வருடமாக அதைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். அதுவும் வெறும் கம்பளியாகிவிட்டது. அன்றைக்கு நான் அழுதேன் ஐயா. அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

வைத்தியரிடம் போகவில்லை. போனால் மருந்துக்கடைக்காரிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் கோயில் மணி அடித்த மாதிரி.

டிசம்பர் முதல் வாரம் என்று நினைக்கிறேன். தம்பி ஜெல்மீனோவின் மனைவி ஒரியானா சோளக் களி கிண்டி இறக்கி வைத்தாள். நான் முதல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, “வாசனையே தூக்குதும்மா” என்றேன். மேசையில் இருந்த ஏழு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். களி அடிப்பிடித்துக் கருகியிருந்தது என்பது வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. ஜெல்மீனோ சிரித்தான்.

“அண்ணனுக்கு என்னைக்கு நல்ல களி புடிச்சிருக்கு? கருக வச்சாத்தான் ரெண்டாவது தட்டு கேப்பாரு.”

“கருக்கினதே அவருக்காகத்தான்” என்றாள் ஒரியானா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜெல்மீனோ என்னைவிட எட்டு வயது இளையவன். எப்போதும் விளையாட்டுப் பேச்சு. சின்ன வயதில் என் பின்னாலேயே வருவான். நான் எதை முகர்ந்தாலும் அவனும் வாங்கி முகர்வான். அவனுக்கும் நல்ல மூக்குதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு மூக்கு போதும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு காலையில் பரணில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு நின்றேன். அவன் ஏணி ஏறி வந்தான். தலை மட்டும் மேலே தெரிந்தபோதே நின்றுவிட்டான். மூக்கைப் பொத்திக்கொண்டான். பிறகு நேராக என் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டிக்குப் போய்ப் பழத்தைப் புரட்டினான். அடியில் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்ததுபோலப் பூத்திருந்தது. இரண்டு தட்டி அல்ல, பதினொரு தட்டி.

“அண்ணே, உனக்கு இது தெரியலயா?”

“சளி” என்றேன்.

“நவம்பர்ல புடிச்ச சளியா?”

எங்கள் ஊரில் இன்னொரு பேச்சு உண்டு. இனிப்பாக நிற்க வேண்டிய ஒயின், கண் அசந்த நேரத்தில் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்துக் கசப்பாகிவிட்டால், ‘தப்பிச்சு ஓடிடுச்சு’ என்போம். வெரோனாக்காரர்கள் அதற்கு அமரோனே என்று பெயர் வைத்துக் குதிரைக்கறிக் குழம்போடு குடிக்கிறார்கள். நாங்கள் அதை வேண்டுமென்றே செய்யத் தொடங்கிய பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. ஜெல்மீனோ என் தோளில் கை போட்டு, “மூக்கு தப்பிச்சு ஓடிடுச்சாக்கும்” என்றான். கேலிதான். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கண்ணீர்தான் பொறுக்கவில்லை.

பிறகு சொன்னான்: “விடுண்ணே. சூசையப்பர் திருநாளன்னிக்கு நான் பாத்துக்கறேன்.”

இதை அப்படியே எழுதுங்கள். ‘நான் பாத்துக்கறேன்.’ மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாளன்று, உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வெரோனா வியாபாரியும் எங்கள் நிலவறைக்கு வருவார்கள். ஆறு பீப்பாயிலிருந்தும் ஆறு கோப்பை ஊற்றுவோம். மூக்கு அதைக் குடிக்காது. முகர்ந்து மட்டும் பார்த்து, தேறிய பீப்பாயில் சுண்ணக்கட்டியால் சிலுவை போடும். தேறாதது சாராயம் காய்ச்சப் போகும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? சுண்ணக்கட்டி அவன் கையில். சாவி அவன் இடுப்பில். நான் அடுப்போரம் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்க வேண்டும். ஊர் எழுந்து நிற்காது.

கெட்ட கொத்துகளை அவனே பொறுக்கி எறிந்தான். யாரிடமும் சொல்லவில்லை என்றான். ஜனவரியில் மிதித்தோம். குளிரில் ஒயின் சோம்பலாகத்தான் பொங்கும், நாற்பது நாள் ஆனது. அந்த நாற்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு காலையிலும் கண் விழித்ததும் தலையணையை முகர்ந்தேன். நேர்ந்துகொண்டேன். ஒரே ஒரு வாசனை திரும்பி வந்தால் போதும், பூசணமாக இருந்தால்கூடப் போதும் என்று கெஞ்சினேன். ஜெல்மீனோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டினான். அவனுக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது.

மார்ச் நான்காம் தேதிக்கு வருகிறேன்.

ஒயினைப் பீப்பாய்களுக்கு மாற்றிய பிறகு பெரிய மரத்தொட்டியின் அடியில் சக்கை தங்கும். ஒருவன் உள்ளே இறங்கி மண்வெட்டியால் வாரிக் கொடுக்க வேண்டும். பொங்கி அடங்கிய தொட்டியின் அடியில் ஒரு காற்றும் தங்கியிருக்கும். அதற்கு நிறம் கிடையாது. வாசனையும் கிடையாது. அதன் முன்னால் எல்லா மூக்கும் ஒன்றுதான். அதனால் முதலில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். சுடர் அணையாமல் எரிந்தால் இறங்கலாம். இறங்குபவனின் இடுப்பிலும் கயிறு கட்டி, வெளியே இருப்பவன் அதைப் பிடித்துக்கொள்வான். உள்ளே இருப்பவன் விடாமல் பாட வேண்டும். பாட்டு நின்றால் கேள்வியே இல்லை, இழுத்துவிட வேண்டும். முற்றத்தில் இருக்கும் பெண்களும் ஒரு காதைப் பாட்டில்தான் வைத்திருப்பார்கள்.

மெழுகுவர்த்தியை நான் இறக்கினேன். மூத்தவன் இறக்குவதுதான் வழக்கம். பாதி ஆழத்தில் அது அணைந்தது. மேலே இழுத்தேன், பற்றவைத்தேன், மறுபடி இறக்கினேன். மறுபடி அணைந்தது. ஜெல்மீனோ அந்தப் பக்கம் குனிந்து கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

“எரியுதாண்ணே?”

“எரியுது” என்றேன்.

அவன் எட்டிப் பார்க்கவில்லை. என் வார்த்தையை அவன் ஒருநாளும் சரிபார்த்தது கிடையாது. நான் தள்ளவில்லை ஐயா, அது தெளிவாக இருக்கட்டும். அவனே ஏணியில் இறங்கினான். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பாட்டு ஒன்று உண்டு, அதை ஆரம்பித்தான். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதில் பாதி வந்தது. ‘மணப்பெண்ணே கதவைத் திற’ என்ற இடத்தில் ‘கதவை’ வரைக்கும்தான் பாடினான்.

கயிறு என் கையில் இருந்தது. ஒரு முறை இழுபட்டது. ஒரே ஒரு முறை, தூண்டிலில் சின்ன மீன் கடிப்பதுபோல.

முற்றத்தில் ஒரியானா கோழியின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றால் ஓடி வருவாள். கெட்டிக்காரி, பலசாலியும்கூட. நான் தொட்டியின் விளிம்பில் குனிந்து உள்ளே பார்த்துப் பாடினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். சின்ன வயதில் அம்மாவே ஏமாந்திருக்கிறாள். மரத்துக்குள் போய் எதிரொலித்து வரும்போது வித்தியாசமே தெரியாது. அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். இரண்டாவதை முடித்தேன், மூன்றாவதைப் பாடினேன், நான்கையும் பாடினேன். நடுவில் அவள், “இன்னைக்கு என்ன, தொண்டை நல்லா இருக்கே!” என்று கத்தினாள். நான் பாட்டை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் கயிற்றை இழுத்துக் கூக்குரல் போட்டேன். அந்தக் கூக்குரல் நிஜம். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை.

ஊர் நம்பியது. இப்படி ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒருவர் போகிறார். அடக்கம் முடிந்தது. நான் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது. சூசையப்பர் திருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

ஒரியானா நிலவறைக்கு வந்தாள். கறுப்பு உடுப்பில் வந்து பீப்பாயில் சாய்ந்து நின்றாள். அழவில்லை.

“அத்தான், அவருக்கு மூணாவது சரணம் தெரியாது” என்றாள். “எங்க கல்யாணத்தன்னிக்கே முழிச்சாரு. எங்கண்ணன்தான் பாடி முடிச்சான். இருபத்தேழு வருஷமா மூணாவதுக்கு வந்தா விசிலடிப்பாரு.”

நான் கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன்.

“எதுக்கு அத்தான்? மூக்குக்கா?”

“அவன் உன்கிட்ட சொன்னானா?”

“அவர் சொல்லித்தான் தெரியணுமா? கருகின களியை மணக்குதுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு அவர்தான் சத்தியம் வாங்கினாரு. சூசையப்பர் திருநாளுக்கு ஏற்பாடும் பண்ணி வச்சிருந்தாரு. உங்க பக்கத்துல நின்னு அவர் முதல்ல மோந்துக்குவாரு. நல்ல பீப்பான்னா உங்க காலை ஒருதரம் மிதிப்பாரு, கெட்டதுன்னா ரெண்டுதரம். சிலுவை நீங்கதான் போடணும். அண்ணன் சாகற வரைக்கும் அவர்தான் இந்த வீட்டு மூக்குன்னாரு. ராத்திரி ராத்திரி என் காலை மிதிச்சுப் பழகினாரு அத்தான். எனக்கு இங்க கன்னிப்போயிருக்கு, பாருங்க.”

பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கால் விரலைக் காட்டினாள். கன்றித்தான் போயிருந்தது. அவளேதான் இங்கே வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

அவ்வளவுதான் ஐயா. மெழுகுவர்த்தி அணைந்ததைப் பார்த்தேன், எரிகிறது என்றேன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடினேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் எழுத மறந்துவிடாதீர்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை, ஒரே மேசையில், ஏழு பேர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் என்னிடம் மறைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதன் யாரைத்தான் நம்புவான், நீங்களே சொல்லுங்கள்.