நூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகள்

என்னை இந்த வீட்டில் சுவிட்ச் என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்திரண்டு. இப்போது அக்கா வீட்டின் பின்னறையில், மீன் தொட்டிக்கு முன்னால், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் உப்புத் தண்ணீர். அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அக்கா கல்யாணத்துக்குப் பரிசு வாங்க அவளுக்குத் தெரியாமல் போனில் ஒரு குழு தொடங்கினோமே, அதில்தான் போடப்போகிறேன். அவள் பார்க்க மாட்டாள்.

முதலில் நல்ல செய்தி. குஞ்சுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

கோமாளி மீனைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைக் கோடு. அத்தான் இந்த அறையில் ஒரு ஜோடி வளர்த்தார். அம்மா மீன் ஓட்டுத் துண்டில் முட்டையிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அப்பா மீன்தான் எட்டு நாளும் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறும். "என்னை மாதிரி பொறுப்பான ஆளு" என்பார் அத்தான். அக்கா சமையலறையிலிருந்து, "நீங்க விசிறி நான் பார்த்ததே இல்லையே" என்பாள்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒரு இமை முடி அளவுதான் இருக்கும். முதல் சில நாள் அரை இருட்டில் வளர்க்க வேண்டும். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் தாள், மூலையில் ஒரு சின்ன விளக்கு. சட்டென்று பெரிய வெளிச்சம் பட்டால் மிரண்டு, சுழன்று, அடியில் விழுந்துவிடும். இது எனக்குத் தெரியாது. வேலை தேடி இங்கே வந்த இரண்டாவது மாதம், ஒன்றும் கிடைக்காமல் சும்மா இருக்கிறோமே, அறையையாவது பெருக்கலாம் என்று உள்ளே போய் லைட்டைப் போட்டேன். முந்நூறுக்கு மேல் இருந்தன. நான் துடைப்பத்தைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அத்தான் திட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வீடியோ காலில் உங்களிடம்தான் சொன்னார். "உங்க பையன் ஒரே ஒரு சுவிட்ச்தான் போட்டான் அத்தை, முந்நூறு உசுரு காலி." அம்மா, நீ சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். அன்றிலிருந்து நான் சுவிட்ச். சுவிட்ச், சாப்பிட வா. சுவிட்ச், குப்பையைக் கொட்டிட்டு வா. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூட என் உண்மைப் பெயர் தெரியாது. நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் கோபம் என்று நினைப்பார்களே.

அடுத்த முட்டைகள் பொரிந்தபோது அத்தான் இந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தார். "இந்தத் தடவை முழுக்க நீயே பாத்துக்க. அம்பதாவது பொழச்சா வளர்ப்பு மீன் கடைக்காரர்கிட்ட சொல்லி அங்கயே உனக்கு வேலை வாங்கித் தர்றேன்." விதியும் அவரே போட்டார். "நீ உள்ள இருக்கறப்ப யாரு தட்டினாலும் திறக்காத. நான் தட்டினாலும் திறக்காத."

அப்படியே செய்தேன். வேளைக்குத் தீனி, அடியில் தங்குகிற அழுக்கை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது, புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. வேலை இல்லாதவனுக்கு நேரம் தவறாமல் பசிக்கிற நூறு பேர் கிடைத்தது பெரிய விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை அத்தானுக்கு விடுமுறை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவர் கதவைத் தட்டியபோது நான் இங்கேதான் இருந்தேன். தொட்டியின் காற்றுப் பம்ப் சத்தத்தில் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அக்காவிடமும் ஆம்புலன்ஸில் வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். எல்லோரும் நம்பினீர்கள். "உன்மேல தப்பில்லடா, மனசை விட்டுடாத" என்று அம்மா, நீ அழுதாய்.

அந்தப் பம்ப் முணுமுணுக்கும், அவ்வளவுதான். சமையலறைக் குழாய் சொட்டுவதுகூட இங்கே கேட்கும்.

கேட்டது. விதிப்படி திறக்கவில்லை. ஐந்து நாளாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த விதி முதல் பத்து நாளுக்குத்தான். செவ்வாய்க்கிழமை பதினேழாம் நாள். குஞ்சுகளுக்குக் கோடு விழுந்துவிட்டது, வெளிச்சம் பழகிவிட்டது. கறுப்புத் தாளை நானே கிழித்துப் போட்டிருந்தேன். அன்று காலை கடைக்காரர் பார்க்க வந்தபோது குழல் விளக்கு எரிந்தது, கதவு விரியத் திறந்திருந்தது.

கடைக்காரர் தொட்டியில் குனிந்து, "யாருங்க வளர்த்தது?" என்றார். அத்தான் என் தோளில் கை போட்டு, "இவன்தான், எங்க சுவிட்ச்" என்று ஆரம்பித்து, அந்தக் கதையை முழுக்கச் சொன்னார். துடைப்பம் உட்பட. கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இவரைக் கடையில விட்டா மொத்தக் கடையையும் அணைச்சிடுவார் போலயே." நானும் சிரித்தேன். அவர்கள் வாசலுக்குப் போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். மூன்று தட்டு, தாளம் போடுவதுபோல. "டேய் சுவிட்ச், வெளிய வாடா." குரலில் சிரிப்பு இருந்தது. நான் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும், திறக்கலாம் என்று முடிவு செய்தேன். அது பெரிய ஆசை இல்லை.

போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை தாளம் இல்லை. "சுவிட்ச், என் போன் உள்ள இருக்கு. நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. அக்காவுக்குப் போடணும்." காலையில் குஞ்சுகளைப் படம் எடுத்துவிட்டு அவர் மறந்து வைத்த போன். என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அடுத்த கதைக்கு ஆயத்தம் செய்கிறார், நாளை உங்களிடம் சொல்லிச் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று சொல்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்த தட்டு கதவின் நடுவில் கேட்டது. அதற்கடுத்தது இன்னும் கீழே. கடைசித் தட்டு தரையோடு ஒட்டிக் கேட்டது, நகத்தால் சுரண்டுவதுபோல. நின்றுகொண்டிருக்கிற ஆள் அந்த இடத்தில் தட்ட முடியாது. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

பிறகு என் பெயரைச் சொன்னார். நீங்கள் வைத்த பெயரை, முழுதாக.

அப்போது நான் தொண்ணூற்று நான்கில் இருந்தேன். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஓடிக்கொண்டே இருப்பவற்றை எண்ணுவது லேசு இல்லை. எண்ணி முடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு. தீனி போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளை எடுத்தேன். இந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. தோளால் தள்ள வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கட்கிழமையிலருந்து வந்துடுங்க தம்பி. 'நான் கிண்டல் பண்றதை வெச்சு எடை போடாதீங்க, அவன் கையில உசுரு நிக்குது'ன்னு அன்னிக்கு வாசல்லயே உங்க அத்தான் பேசி முடிச்சிட்டாரு. உடனே உங்ககிட்ட சொல்லணும்னு உள்ள போனாரே, சொன்னாரா?"

"சொன்னாருங்க" என்றேன்.

நாளை திங்கட்கிழமை. நான் போகப்போவதில்லை. கூடத்தில் அக்கா படுத்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "கடைசியா அவர் ஏதாவது கூப்பிட்டிருப்பாரோடா?" என்று கேட்கிறாள். அவள் இப்போது என்னை சுவிட்ச் என்று கூப்பிடுவதில்லை.

இதை யார் முதலில் படித்தாலும் சரி, அவளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை. நான் உள்ளேதான் இருந்தேன், கேட்டது, வேண்டுமென்றே திறக்கவில்லை என்று சொல்லுங்கள். எத்தனை தடவை என்று கேட்டால், ஒரே ஒரு தடவைதான் தட்டினார் என்று மட்டும் சொல்லுங்கள்.