சூடு பிடிக்காத என்ஜின்

சோமசேகரம்: ...நிப்பாட்டாதையும், இன்னும் கொஞ்சம் ஓடட்டும். இப்ப ஊசி எங்கை நிக்குது?

பத்மாசினி: அதே நூற்றி நாப்பதிலைதான். அசையிற எண்ணமே இல்லை.

சோமசேகரம்: ஸ்ராட் பண்ணி எவ்வளவு நேரம்?

பத்மாசினி: இருவது நிமிசம். அரிசி போட்டிருந்தால் சோறு வெந்திருக்கும்.

சோமசேகரம்: சோறு வெந்திருக்கும், உது வேகேல்லை. ஊசி நூற்றி எண்பது பாரன்ஹைற்றிலை நிக்கவேணும். இந்த வெயிலுக்கை நிண்டு ஓடியும் குளிர்ந்துபோய்க் கிடக்கு. சத்தத்தைக் கேட்டீரோ... சளி பிடிச்ச ஆள் இருமுற மாதிரி.

பத்மாசினி: எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்டுதான்.

சோமசேகரம்: பெற்றோல் முழுக்க எரியேல்லை, மணக்குது. நாளைக்குக் காரை வாங்க டொக்டர் வந்து கேட்டால் என்ன நினைப்பார்?

பத்மாசினி: அவர் வருவாரெண்டு நிச்சயமோ?

சோமசேகரம்: நேற்று நீர் சந்தைக்குப் போன நேரம் வந்தவரெண்டு சொன்னனே. நாளைக் காலமை ஓடிப் பாத்துப் பிடிச்சால் கொழும்புக்குக் கொண்டுபோறன் எண்டவர்.

பத்மாசினி: ம்...

சோமசேகரம்: என்ன, ம்?

பத்மாசினி: வந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கேல்லையே எண்டு யோசிச்சன்.

சோமசேகரம்: நான் போடுற தேத்தண்ணி அவருக்கு இறங்காது. சரி, என்ஜினை நிப்பாட்டிப்போட்டு இஞ்சாலை வாரும். இனி உம்மடை கை, என்ரை வாய்.

பத்மாசினி: கப்பலிலையும் இப்பிடித்தான் நிண்டு அதிகாரம் பண்ணினனீங்களோ?

சோமசேகரம்: கப்பலிலை எனக்குக் கண் இருந்தது. என்ஜின் கொதியாவி அடிச்சுக் கண் போனாப் பிறகுதானே வாயாலை வேலை செய்யப் பழகினது... போனற்றைத் தூக்கிப்போட்டீரோ?

பத்மாசினி: ஓம்.

சோமசேகரம்: என்ஜின்ரை முன்பக்கத்திலையிருந்து றேடியேற்றருக்குப் போற கறுத்த றப்பர்க் குழாய். பிடிச்சுப் பாரும். சுடுதோ?

பத்மாசினி: சுடேல்லை. குழந்தைப்பிள்ளைக்கு வாக்கிற தண்ணி மாதிரி இளஞ்சூடு.

சோமசேகரம்: அப்ப பிடிபட்டிட்டுது. என்ஜின் நல்லாய்ச் சூடேறுமட்டும் தண்ணியை மறிச்சு வைக்கிறதுக்கு அந்தக் குழாயடியிலை ஒரு சின்னச் சாமான் இருக்கு, தேமோஸ்ராற் எண்டு. சூடேறினால் தானாய்த் திறக்கும். இது திறந்தபடியே இறுகிப்போச்சு. தண்ணி நிக்காமல் ஓடி ஓடி என்ஜினைக் குளிரப் பண்ணுது.

பத்மாசினி: குளிர்ந்தால் நல்லதுதானே?

சோமசேகரம்: இல்லை. என்ஜினுக்கு அளவான சூடு வேணும். இல்லாட்டிப் பெற்றோலைக் குடிக்கும், எண்ணெயைக் கெடுக்கும், உள்ளுக்கை தேய்ஞ்சுபோகும். வெளியிலை பாத்தால் ஒண்டும் தெரியாது... வாளியை வைச்சுக் கீழ்க் குழாயைத் திறவும். ஒரு அரை வாளி இறங்கினால் காணும்.

பத்மாசினி: திறந்தாச்சு... காணுமோ?

சோமசேகரம்: காணும், மூடும். மேலை அந்தக் குழாய் பூட்டியிருக்கிற மூடியிலை மூண்டு நட்டு இருக்கும். அதுகளைக் கழட்ட...

பத்மாசினி: ஒண்டு கழண்டிட்டுது.

சோமசேகரம்: எந்த ஸ்பனர் எண்டு நான் இன்னும் சொல்லேல்லையே.

பத்மாசினி: கையிலை அம்பிட்டதை எடுத்தன்.

சோமசேகரம்: பன்ரண்டு ஸ்பனருக்குள்ளை அளவானது அம்பிட்டிருக்கு.

பத்மாசினி: பகிடி பண்ணாமல் இருங்கோ... மூண்டும் கழண்டிட்டுது. மூடியைத் தூக்கட்டோ?

சோமசேகரம்: மெல்லத் தூக்கும். உள்ளுக்கை என்ன கிடக்கு?

பத்மாசினி: ...ஒண்டுமில்லை.

சோமசேகரம்: வட்டமாய், பித்தளையிலை, அடியிலை சுருள் கம்பி ஒண்டோடை...

பத்மாசினி: இல்லையப்பா. வெறும் ஓட்டை.

சோமசேகரம்: என்ரை கையைப் பிடிச்சு வையும் பாப்பம்... ஓம். வெறுமைதான். ஆரோ கழட்டியிருக்கினம். இரண்டு வருசமாய் ஒருத்தரும் தொடாத கார்.

பத்மாசினி: எலி கிலி இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

சோமசேகரம்: மூண்டு நட்டையும் திருப்பிப் பூட்டிப்போட்டோ போனது?

பத்மாசினி: எனக்கென்ன தெரியும்...

சோமசேகரம்: சரி, விடும். இந்த இறக்குமதித் தடைக்குள்ளை யாழ்ப்பாணத்திலை மட்டுமில்லை, கொழும்பிலையும் உது எடுக்கேலாது. நாளைக்கு டொக்டர் இருமலைக் கேட்டுப்போட்டுப் போகட்டும்.

பத்மாசினி: பிடிக்காட்டிப் போகட்டுமே. வேறை ஆக்கள் வருவினம்.

சோமசேகரம்: வருவினம், போவினம். கண் போனவன் காரையும் பழுதாக்கிப்போட்டான் எண்டு ஊர் ஊராய்ச் சொல்லுவினம்.

பத்மாசினி: ஒருத்தரும் அப்பிடிச் சொல்லாயினம்.

சோமசேகரம்: ஏன் சொல்லாயினம்? ஒரு சாமானைக் காணேல்லை எண்டு கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருசம் எடுத்திருக்கு. முந்தியெண்டால் றோட்டிலை போற பஸ்ஸின்ரை சத்தத்திலையே அதுக்கு என்ன நோயெண்டு சொல்லுவன்... மூடும். போனற்றை மூடிப்போட்டுக் கையைக் கழுவும்.

பத்மாசினி: இஞ்சேருங்கோ...

சோமசேகரம்: என்ன?

பத்மாசினி: அதிலையே இருங்கோ. குசினிக்குப் போட்டு வாறன்.

சோமசேகரம்: இப்ப ஏன் குசினிக்கு?

பத்மாசினி: ...இந்தாங்கோ. கையை நீட்டுங்கோ.

சோமசேகரம்: உது... பத்மா, உது எங்கை கிடந்தது?

பத்மாசினி: மிளகாய்த்தூள்ப் பேணிக்குப் பின்னாலை.

சோமசேகரம்: ஓ.

பத்மாசினி: எப்பிடி வந்ததெண்டு கேக்கேல்லையோ?

சோமசேகரம்: முதல் வேலை செய்யுதோ பாப்பம். ஒரு சட்டியிலை தண்ணியை அடுப்பிலை வையும். நூலிலை கட்டி உள்ளுக்கை தொங்கவிடும். என்னையும் கூட்டிக்கொண்டு போம்.

பத்மாசினி: படி இருக்கு, காலைத் தூக்கி வையுங்கோ... இதிலை இருங்கோ. சட்டியை வைச்சிட்டன்.

சோமசேகரம்: கண்ணை எடுக்காமல் பாரும்.

பத்மாசினி: ஆவி பறக்குது... அடியிலை சின்னச் சின்னக் குமிழி... இன்னும் ஒண்டுமில்லை... அப்பா, திறக்குது. மெல்லத் திறக்குது. மீன் வாயைத் திறக்கிற மாதிரி.

சோமசேகரம்: வெளியிலை எடும். மூடுதோ?

பத்மாசினி: மூடுது.

சோமசேகரம்: அப்ப உதிலை ஒரு பிழையுமில்லை. கழட்டினவன் வீணாய்க் கழட்டியிருக்கிறான்.

பத்மாசினி: எங்கடை வெயிலுக்கு உது தேவையில்லையெண்டு நாகலிங்கண்ணைதான்...

சோமசேகரம்: ஆர், சந்திக் கராஜ் நாகலிங்கமோ?

பத்மாசினி: ...பூட்டிப்போட்டுச் சொல்லுறன்.

சோமசேகரம்: சரி. சுருள் கம்பி கீழை இருக்க வேணும். மூடிக்கு இடையிலை வைக்கிறதுக்குப் பழைய கலண்டர் மட்டையிலை ஒரு துண்டு வெட்டும்... நட்டுகளை ஒரே அடியாய் இறுக்காதையும், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாய்... தண்ணி விட்டாச்சோ? இப்ப ஸ்ராட் பண்ணும்.

பத்மாசினி: ஓடுது.

சோமசேகரம்: ஊசியைச் சொல்லும்.

பத்மாசினி: நூறு... நூற்றி இருவது... வேகமாய் ஏறுது. நூற்றி அறுவது. எனக்குப் பயமாயிருக்கு, நிப்பாட்டட்டோ?

சோமசேகரம்: பயப்பிடாதையும். ஏற விடும்.

பத்மாசினி: நூற்றி எண்பது... நிண்டிட்டுது. அசையேல்லை.

சோமசேகரம்: கேளும், பத்மா.

பத்மாசினி: ஓம். இருமல் நிண்டுபோச்சு.

சோமசேகரம்: எல்லாச் சத்தமும் ஒண்டெண்டு சொன்னனீர்.

பத்மாசினி: ...முகத்தை ஏன் அங்காலை திருப்புறியள்?

சோமசேகரம்: புகை.

பத்மாசினி: புகை மற்றப் பக்கமாய்ப் போகுது... இஞ்சேருங்கோ, நான் உங்களுக்கு ஒண்டை ஒளிச்சுப்போட்டன். கோவிக்கப்படாது.

சோமசேகரம்: சொல்லும்.

பத்மாசினி: இந்தக் கார் இரண்டு வருசமாய்ச் சும்மா நிக்கேல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியாலை வந்த கிழமை உங்கடை அண்ணை இதை ஸ்ராட் பண்ணினவர், நினைவிருக்கோ? நீங்கள் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு இரண்டு நாள் சாப்பிடேல்லை. இனி இந்தச் சத்தம் கேக்கப்படாதெண்டு சொன்னனீங்கள்.

சோமசேகரம்: நினைவிருக்கு.

பத்மாசினி: அதுக்குப் பிறகு உங்களைச் சன்னதிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை பஸ்ஸிலை ஏற நீங்கள் பட்ட பாடு... ஆரோ கையைப் பிடிச்சு இழுக்க, ஆரோ பின்னாலை தள்ள... எனக்குப் பொறுக்கேல்லை. எனக்குக் கார் ஓடப் பழக்கச் சொல்லி நாகலிங்கண்ணையைக் கேட்டன். வெள்ளிக்கிழமையிலை உங்கடை அண்ணை உங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போற நேரமாய்ப் பாத்துப் பழக்கினவர்.

சோமசேகரம்: அண்ணைக்கும் தெரியுமோ?

பத்மாசினி: தெரியும். அவர்தான் உங்களைக் கோயிலிலை சுணக்கி வைச்சவர்.

சோமசேகரம்: அதுதான் ஒவ்வொரு கிழமையும் இன்னொருக்காச் சுத்திக் கும்பிடுவம், இன்னொருக்காச் சுத்துவமெண்டு நிண்டவர்.

பத்மாசினி: ஒருநாள் அச்சுவேலியிலை இது கொதிச்சுப் புகைஞ்சுபோச்சு. அப்பதான் நாகலிங்கண்ணை அந்தச் சாமானைக் கழட்டினவர்.

சோமசேகரம்: ஏன் கொதிச்சது?

பத்மாசினி: யாழ்ப்பாணத்திலையிருந்து அச்சுவேலி வரைக்கும் இரண்டாம் கியரிலை வந்திட்டன்.

சோமசேகரம்: முழுத்தூரமுமோ?

பத்மாசினி: சிரியாதையுங்கோ. மூண்டாம் கியர் எனக்கு அப்ப விழேல்லை... இப்ப விழும். போன மாதம் லைசென்ஸும் எடுத்திட்டன்.

சோமசேகரம்: அதையும் பேணிக்குப் பின்னாலையோ வைச்சிருக்கிறீர்?

பத்மாசினி: இல்லை, சுவாமிப் படத்துக்குப் பின்னாலை... எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கெண்டு விட்டிட்டன். நீங்கள் ஓடின கார். நான் ஓட நீங்கள் பக்கத்திலை இருக்கிறதை உங்கடை மனம் தாங்குமோ எண்டு... நேற்று டொக்டருக்குக் குடுக்கப் போறனெண்டு சொன்ன உடனை அவரை எப்பிடி மறிக்கிறதெண்டுதான் யோசிச்சன். அந்தச் சாமானை ஒளிச்சபடி விட்டிருந்தால் அவர் பிடிக்காமல் போயிருப்பார். ஆனால் உங்கடை கை வெறும் ஓட்டையைத் தடவேக்கை நான்... என்னாலை ஏலாமல் போச்சு.

சோமசேகரம்: பத்மா...

பத்மாசினி: பேசுறதெண்டால் பேசுங்கோ.

சோமசேகரம்: சித்திரையிலை ஒருநாள், நீர் கிணத்தடியிலை நிண்ட நேரம், தட்டித் தடவிப்போய் இந்தக் காருக்குள்ளை ஏறினனான். சும்மா ஒருக்கா இருந்து பாப்பமெண்டு. முழங்கால் ரண்டும் போய் ஸ்ரியறிங்கிலை இடிச்சது. சீற்றை ஆரோ நல்லாய் முன்னுக்கு இழுத்து விட்டிருந்தினம்... இந்த வீட்டிலை உம்மளவு கட்டை ஆள் வேறை ஆர்?

பத்மாசினி: சித்திரையிலையோ? இப்ப ஐப்பசி.

சோமசேகரம்: ஓம். கோயிலாலை வந்து போனற்றிலை கையை வைச்சுப் பாப்பன். சூடாயிருக்கும். அண்டைக்கு நிம்மதியாய் நித்திரை வரும்.

பத்மாசினி: தெரிஞ்சுகொண்டோ டொக்டருக்கு விக்கச் சம்மதிச்சனீங்கள்? நாளைக்கு அந்த மனிசன் வந்து நிண்டால் நான் என்ன சொல்லுறது?

சோமசேகரம்: ஒருத்தரும் வரமாட்டினம். நேற்று நீர் சந்தைக்குப் போன நேரம் படலையடிக்கு ஒரு காகம் கூட வரேல்லை. நீராய் வந்து சொல்லுவீரெண்டு ஆறு மாதம் பாத்துக்கொண்டிருந்தன், பிறகு வேறை வழி தெரியாமல் ஒரு டொக்டரை உண்டாக்கினனான்... என்ஜினை நிப்பாட்டாதையும். இந்தக் காரிலை நான் ஒருநாளும் இடப்பக்கம் இருந்ததில்லை, கையைப் பிடிச்சு ஏத்தி விடும்.