எண்பத்து நாலு ஓட்டு

அந்தக் கட்டையை இறுக்கிப் பிடிச்சு, வலப்பக்கமாவே சுத்துங்க தோழர். சுத்திக்கிட்டே பின்னால போங்க, நான் வைக்கோலை விட்டுக்கிட்டே வர்றேன். ஆமா, அப்படித்தான். பேச வந்த ஆளை வேலை வாங்குறானேன்னு நெனைக்காதீங்க. நாளன்னிக்கு தாளடி அறுப்பு, கட்டு கட்டறதுக்கு இன்னும் முப்பது வைக்கோப் பிரி திரிக்கணும். கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சும் வராது.

குடவாசல் கட்சி ஆபீசுல என்ன சொல்லி அனுப்புனாங்க? சாமிதுரையைப் பிடிச்சா போதும், தெருவே பின்னால வந்துரும்னாங்களா? சொல்லுவாங்க. பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே சொல்றதுக்கு என்ன. இந்தத் தெரு இந்தத் தடவை ஓட்டுப் போட வராதுன்னும் சொல்லியிருப்பாங்களே. அதையும் சொல்லிட்டாங்களா. சரி.

உங்க சட்டைப்பையில இருக்குற பேப்பரை அப்பவே பாத்தேன். நானும் அஞ்சாவது வரைக்கும் படிச்சவன்தான். கோடு போட்டுக் கட்டம் கட்டி, வீடு வீடாப் போயி ஓட்டோட அருமையை எடுத்துச் சொல்லணும்னு மொத வரியிலயே எழுதியிருக்கீங்க. அதை அடிச்சுடுங்க. அருமை தெரியாத ஆளு இந்தத் தெருவுல ஒருத்தர் இல்ல. ஓட்டுக்கு நாங்க குடுத்த வெலையை நீங்க குடவாசல்ல உக்காந்து கணக்குப் போட முடியாது. கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல. நீங்க புதுசு.

அறுபத்தேழு எலெக்‌ஷனை முழுசா நடத்துனவன் நான். அதுக்கு முந்துன எலெக்‌ஷன்ல என்னாச்சு தெரியுமா? தெருவே போயி ஓட்டுப் போட்டுட்டு வந்துச்சு. எண்ணிப் பாத்தா முப்பத்தோரு ஓட்டு செல்லாது. ஏன்னா, நம்ம ஆளுங்களுக்கு எதை மடிச்சாலும் வெத்தலை மடிக்கிற மாதிரிதான் கை போகும். முக்கோணமா ஒரு மடிப்பு, ஓரத்துல ஒரு சொருகு. முத்திரை மை காயறதுக்குள்ள மடிச்சா அது அடுத்த சின்னத்து மேலயும் போயி ஒட்டிக்கும். ரெண்டு சின்னத்துல முத்திரை இருந்தா எவன் எண்ணுவான்? நடந்தே போயி, வெயில்ல நின்னு, முப்பத்தோரு பேரு வெத்தலை மடிச்சுப் பொட்டியில போட்டுட்டு வந்துருக்காங்க.

சிரிங்க சிரிங்க, நாங்களும் சிரிச்சோம். ஆனா எனக்கு அது உள்ள கெடந்து அறுத்துச்சு. அறுபத்தேழுல தை பொறந்ததுமே நான் ஆரம்பிச்சுட்டேன். மருந்து பாட்டில் தக்கையை எடுத்துக்கிட்டேன், காவிக்கல்லைக் கொழைச்சுக்கிட்டேன், டீக்கடையில பழைய பேப்பர் வாங்கி சீட்டுச் சீட்டாக் கிழிச்சேன். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, குத்து, ஊது, நெட்டுக்கு ஒரு மடிப்பு, அப்பறம் குறுக்கே ஒரு மடிப்புன்னு பழக்குனேன். காத்தான் பெரியப்பாவுக்கு மட்டும் பதினேழு நாளாச்சு. எம்பது வயசு, கண்ணும் சரியாத் தெரியாது. விட மாட்டேன்னு நின்னாரு மனுஷன். கடைசியில எங்க எல்லாரையும் விட அவருதான் அழகா மடிச்சாரு.

கட்டை தளருது பாருங்க, இறுக்கிப் பிடிங்க.

அப்பறம் ஆளுங்களைப் பிரிக்கணும். பேரு பேரா கூப்புட்டா ஒண்ணும் நடக்காது. அறுப்புக்கு எப்படி ஆளைப் பிரிச்சு வயல்ல எறக்குறோமோ அதே மாதிரிப் பிரிச்சேன். எண்பத்து நாலு ஓட்டு, எட்டு செட்டு. சேந்து அறுக்குறவங்க சேந்தே ஓட்டுக்குப் போகணும். ஒருத்தி பின்வாங்குனா பக்கத்துல அறுக்குறவ விட மாட்டா. பச்சைப் பிள்ளைக்காரிங்களும் மாசமா இருக்குறவளுங்களும் மொத செட்டு, வெயில் ஏறதுக்குள்ள போட்டுட்டு வந்துடணும். பொடவைக் கரையில நூலு உருவி, ஒவ்வொரு செட்டு சிலிப்புக்கும் ஒரு கலர் கட்டுனேன். எழுத்து தெரியாட்டியும் நூலு தெரியும்ல. உங்க பேப்பர்ல இதெல்லாம் இருக்கா? எழுதிக்குங்க, சொல்றேன். நான் இல்லாட்டியும் உதவும்.

இருங்க, அதுக்குத்தான் வர்றேன். ஏன் இல்லேன்னு.

எலெக்‌ஷனுக்கு ஒரு வாரம் இருக்கையில பண்ணையோட காரியக்காரரு வைத்தியலிங்கம் தெரு முனைக்கு வந்தாரு. உள்ள வர மாட்டாரு, முனையிலேயே நின்னு சொல்லுவாரு. எலெக்‌ஷன் அன்னைக்கே நம்ம வயல்ல தாளடி அறுப்பு வெச்சிருக்கு, எல்லாரும் வந்து எறங்கணும், மறுநாள் வெரல்ல மையோட எவன் வந்து நின்னாலும் அந்தக் கை பண்ணை வயல்ல எறங்காதுன்னாரு. நாங்க விவசாயக் கூலிச் சங்கத்து ஆளுக்குத்தான் குத்துவோம்னு அவங்களுக்குத் தெரியும். அதான் குத்தவே போகக்கூடாதுன்னு பாத்தாங்க.

மையை ஒளிச்சு வெக்க முடியாதான்னா கேக்குறீங்க? அதைத்தான் எல்லாரும் கேட்டாங்க. எங்க ஒளிக்கிறது? மை வெக்கிறது எடது கை. அறுக்கையில தாளைச் சேத்துப் பிடிக்கிறதும் எடது கை. வரப்புல நிக்குறவன் கண்ணுக்கு மொதல்ல தெரியறதே அந்த வெரலுதான்.

அன்னைக்குத் தெருவுல கூட்டம் போட்டோம். ரெத்தினம் எந்திரிச்சா. புருஷன் செத்து ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இருக்குறவ. அவ கேட்டா, ஏண்ணே, வருஷத்துல நாங்க நெல்லைக் கண்ணால பாக்குறதே அறுப்புலதான், அது போச்சுன்னா ஆடி வரைக்கும் எதைத் திங்கிறதுன்னு. நியாயமான கேள்விதானே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு கையில மை இருந்தா தள்ளி விடுவான், எண்பத்து நாலு கையிலயும் இருந்தா என்ன பண்ணுவான், நெல்லு தானா அறுத்துக்கிட்டுக் களத்துக்கு நடந்து வருமான்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. ரெத்தினமும் தட்டுனா. எனக்கு அன்னைக்கு இருந்த தெம்பு இருக்கே, மலையைக் கூடத் தள்ளிடுவேன் போல இருந்துச்சு.

பொய் சொல்லல தோழர். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

எலெக்‌ஷன் அன்னைக்கு ஒரு ஆளு வயலுக்குப் போகல. எட்டு மணிக்குக் கதவைத் தொறந்தா மொத செட்டு வாசல்ல நிக்குது. என் பொண்டாட்டி ராஜாத்தியும் அதுலதான், எட்டு மாசம் அவளுக்கு. ஒரு செட்டு வெளிய வரவும் அடுத்த செட்டு வாய்க்கா கரையில வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. ஒரு தள்ளுமுள்ளு இல்ல, ஒரு சிலிப்பு மாறல. உள்ள இருந்த ஆபீசரு எங்கயோ பள்ளிக்கூட வாத்தியாராம், நல்ல மனுஷன். வெளிய வந்து எட்டிப் பாத்துட்டு, யாருங்க இந்த ஏற்பாடெல்லாம்னு கேட்டாரு. எல்லாரும் என்னைக் கை காமிச்சாங்க.

நாலரை மணிக்கு எண்பத்தோரு பேரு முடிஞ்சாச்சு. மிச்சம் காத்தான் பெரியப்பா, அவரு சம்சாரம், நானு. பெரியப்பாவுக்கு அன்னைக்குன்னு பாத்துக் காச்சல். கயித்துக் கட்டில்ல படுக்க வெச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்தோம், கெழவி கூடவே ஓட்டமா ஓடி வர்றா. ரெண்டு பேரும் உள்ள போயி குத்திட்டு வந்தாங்க. வந்ததும் பெரியப்பா என் காதுகிட்ட வந்து, நெட்டுக்குத்தான் மடிச்சேன்டா தம்பின்னாரு. நான் கட்டிலை ஏற்பாடு பண்ணி, கெழவியைக் கையைப் பிடிச்சு அனுப்பிட்டுத் திரும்புறதுக்குள்ள அஞ்சு மணியாயிருச்சு, கதவைச் சாத்திட்டாங்கன்னு நான் தெருவுல வந்து சொன்னேன். ஊரையே ஓட்டுப் போட வெச்சவன் ஓட்டை விட்டுட்டு வந்துட்டானேன்னு அப்படி ஒரு கேலி. ராஜாத்திதான் ரொம்பச் சிரிச்சா.

மறுநாள் விடியக்காலம் அருவாளோட போயி வரப்புல நின்னோம். எங்களுக்கு முன்னாலயே ரெண்டு லாரி நின்னுச்சு. ஆமா, வெளியூரு ஆளுங்க. எந்த ஊருன்னு இன்னைய வரைக்கும் தெரியாது. அவங்களும் எங்களாட்டம்தான் இருந்தாங்க, மொகத்தப் பாக்காம தலையக் குனிஞ்சுக்கிட்டு எறங்குனாங்க. நெல்லு தானா களத்துக்கு வருமான்னு கேட்டேன்ல, லாரியில வந்துச்சு பதிலு.

வைத்தியலிங்கம் வரிசையா கையை நீட்டச் சொன்னாரு. ஒவ்வொரு கையாப் பாத்து, போ, போ, போன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. என்கிட்ட வந்து நின்னாரு. கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் சிரிச்சுக்கிட்டே, நீ எறங்குடா சாமிதுரைன்னாரு.

நான் நின்னேன். சத்தியமா நின்னேன். காச்சலோடயே கம்பை ஊனிக்கிட்டு வந்திருந்த காத்தான் பெரியப்பாதான் பின்னாலேருந்து சொன்னாரு, போடா, உன் மேல என்ன தப்பு, ஒரு வீட்டு அடுப்பாவது எரியட்டும்னு. நான் வரப்புலேருந்து எறங்குனேன். பதினோரு நாள் அறுத்தேன் தோழர், தெருவுல அத்தனை பேரும் கரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க. கூலி நெல்லைக் கொண்டாந்து படி படியா வீட்டுக்கு வீடு குடுத்தேன். எண்பது பேருக்கு அது எந்த மூலைக்கு? ஆனா வாங்கிக்கிட்டாங்க. சாமிதுரை சாமி மாதிரின்னு ஒரு பொம்பளை சொன்னுச்சு. எனக்கு அன்னைக்கே செத்துடலாம்னு இருந்துச்சு.

ரெத்தினம் மூணாம் நாளு மறுபடியும் வரப்புக்கு வந்தா. மையைப் போக்கணும்னு செங்கல்ல வெச்சுத் தேச்சிருக்கா. நகமே பேந்து போச்சு, வெரலு ரத்தமா இருக்கு. மை இல்லீங்க, பாருங்கன்னு நீட்டுனா. வைத்தியலிங்கம் பாத்துட்டு, மை இல்லாத வெரலை எவளும் தேய்க்க மாட்டாளேன்னாரு. அந்த வெரலு சீழ் வெச்சு, ஆஸ்பத்திரியில ஒரு கணுவை எடுத்துட்டாங்க. பெரியப்பா சித்திரையப் பாக்கல. காச்சல்னுதான் எழுதுனாங்க. வயித்துல கஞ்சி இருந்தா அந்தக் காச்சல் தாங்கியிருக்கும்னு எனக்குத் தெரியும்.

ஜெயிச்சோம்ங்க, ஏன் ஜெயிக்காம? ஆட்சியே மாறிச்சு. ஜெயிச்சவரு ஒரு தடவை கார்ல வந்தாரு, பெரிய தெருவோட திரும்பிட்டாரு. ஆறு மாசத்துல பண்ணை கட்சி மாறிட்டாரு, இப்ப அவரு வீட்டு மாடியில ஆட்சிக்காரங்க கொடிதான் பறக்குது. ஆடியில நாத்து பறிக்க ஆளு வேணும்னு வைத்தியலிங்கம் மறுபடியும் தெரு முனைக்கு வந்தாரு. கூலியைக் கொறைச்சாரு. எல்லாரும் போனோம். வேற எங்க போறது? இந்த நாலு வருஷமா அந்தக் கூலிதான்.

இல்லீங்க, அதான் நீங்க தப்பா நெனச்சுட்டீங்க. தெரு வராதுன்னு எவன் சொன்னான் உங்களுக்கு? நான்தான் சொல்லிவிட்டேன், ஆபீசுல. அவங்க வருவாங்க. நேத்து ரெத்தினம் என்கிட்டயே கேட்டா, ஏண்ணே, இந்தத் தடவை நான் எந்த செட்டுன்னு. அந்த மொட்டை வெரலை வெச்சுக்கிட்டுக் கேக்குறா. நான் கூப்பிட்டா ஒருத்தர் விடாம வந்து நிப்பாங்க. அதனாலதான் நான் கூப்பிட மாட்டேன்கிறேன். வேற ஆளைப் போடுங்க. நூலு, மடிப்பு, செட்டு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன்ல, போதும்.

பயமான்னு கேக்குறீங்க. பயந்தான். ஆனா பண்ணைக்கு இல்ல.

ராஜாத்திக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நீங்க வெளியூரு, எலெக்‌ஷன் முடிஞ்சா போயிடுவீங்க, அதான் சொல்றேன். கெழவியை அனுப்பிட்டு நான் திரும்பும்போது அஞ்சாக இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள மேசை மேல அந்த மை பாட்டில். நான் வாசப்படியில நின்னேன். ராஜாத்தி மாசமா இருக்கா, நாளைக்கு அறுப்புன்னு ஒரே ஒரு நெனப்பு. எல்லா வீட்டுலயும் அப்படி ஒரு நெனப்பு இருந்துருக்கும், அவங்க போயி வெரலை நீட்டிட்டு வந்தாங்க. அந்த வாத்தியாரு என்னைப் பாத்து, வாங்க வாங்க, நேரம் இருக்கு, உங்க ஓட்டை மறந்துடாதீங்கன்னு கூப்புட்டாரு. நான் சொன்னேன், இல்ல சார், எனக்கு இந்த பூத்துல ஓட்டு இல்லைன்னு.