கழற்ற முடியாத தாழ்ப்பாள்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"எங்க லேடீஸ் பாத்ரூம் கதவுக்கு நானே ரிவிட் கன் வாங்கித் தாழ்ப்பாள் அடிச்சுட்டனுங்கக்கா."

"முன்னால இருந்தது என்னாச்சு கண்ணு?"

"உள்ள போயி நேரத்தக் கடத்தறோம்னு சூப்பர்வைசர் கழட்டிட்டானுங்க. ஸ்க்ரூ போட்டா மறுக்காவும் கழட்டுவான், ரிவிட் ஆணி அடிச்சா திருகிக் கழட்ட முடியாதுங்க. தகரக் கதவுக்கு அலுமினிய ரிவிட்டே போதும்னாருங்க கடைக்காரரு. நான் இரும்புதான் வேணும்னுட்டேன்."

"அவன் ஒண்ணுஞ் சொல்லலியா?"

"யாரு அடிச்சதுன்னு கத்துனானுங்க. நாந்தான்னு எந்திரிச்சேன். ட்ரில் போட்டு எடுத்துருவேன்னான். எடுங்க, நாளைக்கும் அடிப்பேன், டப்பா நெறைய ரிவிட் இருக்குதுன்னேன். இன்னும் எடுக்கலீங்க."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்க கம்பெனிலயும் தாழ்ப்பாள் இல்ல கண்ணு. நாளைக்கு அந்தக் கன்ன எடுத்துட்டு வா. எப்படி அடிக்கறதுன்னு மட்டும் சொல்லிக்குடு."