மொட்டைத் தலைக்கு வாராவாரம் முடிவெட்டு

— ஆடாதீங்க சார். காதுக்கு மேல நாலே நாலு முடி இருக்கு, அதையும் கோணலா வெட்டினா என் தொழிலுக்கே அவமானம்.

— போன வாரம் மூணுன்னீங்க மாஸ்டர்?

— ஒண்ணு புதுசா குடிவந்திருக்கு. சரி, ஆபீஸ்ல என்ன விசேஷம்? என் பொண்ணும் அங்கதான் வேலை பாக்கறா, கேட்டா ‘எல்லாம் நம்பர்ப்பா’ன்னு சொல்லிட்டுப் போயிடுவா.

— நல்ல சேதி மாஸ்டர்! தற்கொலை பண்ணிக்கிட்டவங்க கணக்கு நேத்துதான் முடிஞ்சுது. கிராஃப்ல நம்ம வயசுக்காரங்க கோடு இறங்கியிருக்கு.

— நம்ம வயசுன்னா?

— அம்பதைத் தாண்டின ஆம்பளைங்க. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஏறிக்கிட்டே இருந்த கோடு. பொம்பளைங்க கோடு எப்பவோ இறங்கிடுச்சு. சின்ன வயசுக்காரங்க கோடுதான் இன்னும் இறங்கல.

— பொம்பளைங்க நாலு பேர்கிட்ட சொல்லி அழுதுடறாங்க சார். நமக்குத்தான் வாயில பூட்டு.

— அதேதான். அதுலயும் பொண்டாட்டி போயி தனியா இருக்கற ஆளுன்னா, கணக்குப்படி இன்னும் மோசம். டாக்டர்கிட்ட போகவே மாட்டான். ஆனா முடி வெட்டிக்கப் போவான் பாருங்க! அதனாலதான் முடி திருத்தறவங்களுக்குப் பயிற்சி கொடுங்கன்னு நாங்க எழுதிப் போட்டோம்.

— அட, அது உங்க வேலைதானா! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறாங்களேன்னு திட்டிக்கிட்டே போயி உக்காந்தேன் சார்.

— என்ன சொல்லிக் கொடுத்தாங்க?

— சந்தேகம் வந்தா சுத்தி வளைக்காம நேராக் கேளுன்னாங்க. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது, பாரம்தான் குறையும்னாங்க. சார்…

— ம்?

— கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?

— எனக்கா!

— சிரிக்காதீங்க, கையில கத்தரி இருக்கு. பின்ன என்ன சார்? தலையில ஒண்ணுமே இல்லாத மனுஷன் வாராவாரம் வந்து உக்காந்தா நான் என்னன்னு நினைக்கறது? பயத்துலதானே வெறும் சீப்பை வெச்சுக்கிட்டு அரைமணி நேரம் ஓட்டறேன்.

— ஐயோ மாஸ்டர்! இதே கேள்வியை உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நான் கொஞ்ச நாளாத் தவிச்சுக்கிட்டு இருக்கேன்!

— என்கிட்டயா? எதுக்கு?

— உங்க பொண்ணு சொல்லி அழுதுச்சு. ‘அம்மா போனதுலேர்ந்து அப்பா கடையிலயே படுத்துக்கறாரு, நான் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாரு. நீங்கதான் பேச்சுக் கொடுத்துப் பார்த்துக்கணும்’னு.

— கழுதை! என்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல?

— கேட்டா சொல்லியிருப்பீங்களா?

— எங்க… அவ மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பேச்சே வராது. அப்படியே அவங்க அம்மா.

— என்கிட்ட சொல்லலாமே.

— இப்ப நல்லாயிருக்கேன் சார், சத்தியமா. ராத்திரி நல்லாத் தூங்கறேன். காலையில ஷட்டரைத் தூக்கும்போதே இன்னைக்கு யாரு வந்து என்ன கதை விடப்போறாங்கன்னு ஆசையா இருக்கு. அப்ப அப்படி இல்ல. நீங்க முதமுதல்ல வந்தீங்களே, அன்னைக்கு நான் வெளியில வந்தது கடையைத் திறக்கறதுக்கு இல்ல. ஒரேயடியாப் பூட்டிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்.

— எங்க போறதுக்கு?

— உங்க கணக்குல சேர்றதுக்குத்தான்.

— மாஸ்டர்!

— பதறாதீங்க, அது போயிடுச்சு. சாவியைக் கையில எடுக்கறேன், எதிர்ல ஒரு வழுக்கைத் தலை நின்னுக்கிட்டு ‘முடி வெட்டணும்’ங்குது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு சார். பொண்டாட்டி போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன். சிரிச்ச வாயோட எப்படிப் பூட்டறது? உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுட்டேன். என் பொண்ணு மகராசி, நல்ல நேரம் பார்த்து உங்களை அனுப்பியிருக்கா!

— உங்க பொண்ணு என்கிட்ட வாயைத் திறந்ததே போன மாசம்தான் மாஸ்டர். அன்னைக்கு என்னை யாரும் அனுப்பல. கடைசியா ஒரு மனுஷன்கிட்ட பேசிட்டுப் போகலாமேன்னு, நானாத்தான் வந்தேன்.