செத்த தொட்டி

இல்லீங்க சார், அந்த பாட்டிலை மூடுங்க. சாம்பிள் எங்கயும் ஓடிடாது. முதல்ல இப்படி வந்து இந்தத் தொட்டியை எட்டிப் பாருங்க. பார்த்து, கம்பி துருப்பிடிச்சிருக்கு, சாயாதீங்க.

நல்லா இருந்தா இது காப்பித்தூள் நிறத்துல இருக்கும். இப்போ பாருங்க, சாம்பலைக் கரைச்ச மாதிரி கிடக்கு. நாத்தமா? கர்ச்சீப்பைக் கட்டிக்கோங்க, எனக்குப் பழகிடுச்சு. ஊர்ச் சாக்கடை மொத்தமும் இங்கதான் வருது. அடியில காத்தை ஊதி விடறோம்ல, அதுல ஒரு கிருமிக் கூட்டம் உயிரோட இருந்து கழிவைத் தின்னு தீர்க்கும். ஆபரேட்டர்னு பேருதான் எனக்கு. வேலையெல்லாம் அதுங்கதான் பாக்குது.

அதுங்க அத்தனையும் செத்துப் போச்சு சார்.

யாராலயா? கோவிச்சுக்காதீங்க, நீங்க வர்றீங்கன்னுதான். அதிகாரி வர்றாருன்னு சேதி வந்ததும் எங்க பேரூராட்சித் தலைவருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஊரே பளபளன்னு இருக்கணும்னு மூட்டை மூட்டையா பிளீச்சிங் பவுடரை இறக்கி, கக்கூஸு சாக்கடைன்னு ஒண்ணு விடாம கொட்டச் சொல்லிட்டாரு. நேத்து பூரா தெருத்தெருவா கழுவினாங்க. நான் மூச்சிரைக்க ஓடிப் போய், ஐயா, இதெல்லாம் என் தொட்டிக்குத்தான் வரும், கிருமி செத்துடும்னேன். யோவ், கிருமி சாகத்தானே மருந்துன்னாரு. சுத்தி நின்னவங்க கைதட்டாத குறை. நீங்களும் சிரிக்கிறீங்க பாருங்க. எனக்கு வயிறு எரியுது சார்.

மறுபடி உயிர் வருமான்னா, வரும். வேற பிளான்ட்லேருந்து ஒரு லாரி சேறு கொண்டாந்து ஊத்தணும், பாலுக்கு உறை ஊத்தற மாதிரி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடந்துடும். ஆனா அதுவரைக்கும் வர்றதை எங்க நிறுத்தறது? ஊர்ல யாரையாவது கக்கூஸுக்குப் போகாதீங்கன்னு சொல்ல முடியுமா? அப்படியே ஆத்துக்குத்தான் போகுது. ஆமா, இப்பவும்தான். கேக்குதே, அந்தக் குழாய்ச் சத்தம், அதுதான். ஆத்துல கலந்துட்டா கண்ணுக்கே தெரியாது. அதான் பயமா இருக்கு.

கீழ்க்கரை ஊர்ல ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிடலாம்னு கேட்டேன். பிளான்ட் கெட்டுப்போச்சுன்னு நாமளே தம்பட்டம் அடிக்கணுமான்னு தலைவர் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிட்டாரு. நீங்க சொன்னா யாரும் மறுக்க முடியாது. ஜீப் வேற இருக்கு. பாலத்தைத் தாண்டினா அந்த ஊர்தான். அங்க இன்னும் பாதிப் பேருக்கு குடிக்கக் குளிக்க எல்லாத்துக்கும் ஆறுதான் சார்.

நானா? போகாம இருப்பேனா? விடிஞ்சதும் சைக்கிளை மிதிச்சிட்டுப் போனேன். அங்க இருக்கறவங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு உங்க தலைவரே சொல்றாரு, நீ என்னய்யா பீதியைக் கிளப்பறேங்கறாங்க. கரையோரமா நீலக் கதவு போட்ட வீடு ஒண்ணு. அவ என்னைப் பார்த்ததுமே கதவைச் சாத்திட்டா. தண்ணியைத் தொடாதேம்மான்னு வெளிய நின்னு கத்தறேன், உள்ள டிவி சத்தத்தை ஏத்தி வெச்சிட்டா. போன் பண்ணா எடுக்கறதில்ல. வெக்கமாப் போச்சு, திரும்பி வந்துட்டேன்.

அவளா? எம்பொண்ணுதான். இந்த பிளான்ட்டை மூடணும்னு ஊரைக் கூட்டிக்கிட்டு வந்து கேட்ல உக்காந்தாரே ஒருத்தர், அவரைத்தான் கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்கு நான் போகல. அதுலேருந்து பேச்சு வார்த்தை இல்ல. இப்போ கைக்குழந்தை இருக்கு, நான் இன்னும் பார்க்கல. முன்னாடி ஒரு தடவை, பச்சப்புள்ளையை ஆத்துத் தண்ணியிலயா குளிப்பாட்டறேன்னு மாமியார் சத்தம் போட்டாங்களாம். அதுக்கு இவ, எங்கப்பா சுத்தம் பண்ணி விடற தண்ணி அத்தே, ஒண்ணும் ஆகாதுன்னாளாம். பால்காரர் வந்து சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு சார், அப்படி ஒரு சந்தோஷம்.

கிளம்புங்க சார், அவ குழந்தையைக் குளிப்பாட்டற நேரம் ஆகுது. ஊருக்கெல்லாம் சொல்லுங்க, ஆனா முதல்ல அந்தக் கதவைத் தட்டுங்க. கொஞ்ச நாளைக்கு உங்கப்பனை நம்பாதேம்மான்னு சொல்லுங்க.